பகலில் சொக்கும் தூக்கம், இரவில் வராத தூக்கம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலோ, கூலிமிலோ, பீடோங் பக்கத்துத் தோட்டத்திலோ, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு அடிபடாமல் இருக்காது. மூன்றாம் மாதத்தில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே சொக்கிப்போனவள், எட்டாம் மாதத்தில் நடுச்சாமத்தில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறாள். உடம்பு அதேதான், பிள்ளையும் அதேதான். அப்போது எங்கிருந்து அவ்வளவு தூக்கம் வந்தது? இப்போது எங்கே போனது?

கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மாசமா இருந்தா அப்படித்தான்மா இருக்கும்." அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், சில நேரம் கிளினிக்கில் மிஸ்ஸியும் சொல்வார். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இந்தப் பதில் பாதிதான் உண்மை.

1989இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டேனியல் பைஸி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் தூங்கினீர்கள், எதனால் விழித்தீர்கள், பகலில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு 0 முதல் 21 வரை மதிப்பெண் போடும் தாள் அது. 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். கர்ப்பிணிகளிடம் இதே தாளைக் கொடுத்து நடத்திய 24 ஆய்வுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 11,000 பெண்கள். சராசரி மதிப்பெண்ணே 6ஐத் தொட்டது. நூற்றில் 46 பேருக்குத் தூக்கம் சரியில்லை.

இந்த 46 என்ற எண் பெரிதுதான். ஆனால் மீதி 54 பேரையும் கவனியுங்கள். அவர்களும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள்தான். மாசமாக இருந்தால் அப்படித்தான் என்றால், அவர்களுக்கு ஏன் அப்படி இல்லை?

மயக்கும் சுரப்பு

முதலில் பகல் தூக்கத்தைப் பார்த்துவிடுவோம். கரு தங்கியதும் உடலில் புரொஜெஸ்டரோன் என்ற சுரப்பு ஏறத் தொடங்குகிறது. கருப்பையின் தசைகள் இறுகிக் கருவை வெளியே தள்ளிவிடாமல் அவற்றைத் தளர்த்தி வைப்பது இதன் முதல் வேலை. இந்தச் சுரப்பு உடைந்து உண்டாகும் ஒரு துணைப்பொருள் மூளைக்குள் போகிறது. தூக்க மாத்திரைகள் எந்த வாசலில் நுழைந்து நரம்பணுக்களை அமைதிப்படுத்துகின்றனவோ, அதே வாசலில்தான் இதுவும் நுழைகிறது. மூன்றாம் மாதத்துச் சொக்கல் சோம்பல் அல்ல. அவளுடைய உடலே அவளுக்கு மிதமான ஒரு மயக்க மருந்தைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கேத்ரின் லீ என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர், கருத்தரிக்கும் முன்பிருந்தே சில பெண்களைத் தொடர்ந்து, தலையில் மின்வாய்கள் பொருத்தி அவர்களின் தூக்கத்தைப் பதிவு செய்தார். 2000இல் வெளியான அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. முதல் மூன்று மாதங்களில் தூங்கும் நேரம் கூடியிருந்தது. ஆனால் உடம்பை ஆற்றும் ஆழ்தூக்கம் குறைந்திருந்தது. நிறையத் தூங்கினாலும் களைப்பு தீராததற்கு இதுவே காரணம்.

புரொஜெஸ்டரோன் பிரசவம் வரை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆகவே எட்டாம் மாதத்தில் தூக்க உந்துதல் எங்கேயும் போய்விடவில்லை. அதைக் குறுக்கே வெட்டுகிற காரணங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். எவை அவை என்று தெரிய வேண்டுமானால் ஓர் இரவை நிமிடம் நிமிடமாகப் பிரிக்க வேண்டும்.

ஓர் இரவின் கணக்கு

கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சுங்கை பட்டாணி ஓரத்தில் மலிவு விலை தாமான் வீடு. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேத்திக்குக் கூலிமில் தொழிற்சாலை வேலை, காலை 7 மணி ஷிப்ட். இரண்டாவது பிள்ளை, 32ஆவது வாரம்.

இரவு 10 மணிக்குப் படுக்கிறாள். புழுக்கத்தில் புரண்டு 10.40க்குத்தான் கண் மூடுகிறாள். 12.15க்குச் சிறுநீர் கழிக்க எழுகிறாள். மறுபடி தூங்க 20 நிமிடம். 2 மணிக்குக் கால் குடையத் தொடங்குகிறது. எழுந்து நடக்கிறாள், சுவரில் உதைத்துக்கொள்கிறாள், 50 நிமிடம் போகிறது. 3.35க்கு நெஞ்செரிச்சல், 25 நிமிடம். 4 மணிக்குக் கண் அயர்ந்தால் 4.30க்கு அலாரம்.

தூங்கிய துண்டுகளைக் கூட்டுங்கள்: 95, 85, 45, 30 நிமிடம். மொத்தம் 255 நிமிடம், அதாவது நாலேகால் மணி நேரம். படுக்கையில் கிடந்ததோ ஆறரை மணி நேரம். கிடந்த நேரத்தில் உண்மையிலேயே தூங்கியது எத்தனை பங்கு என்பதைத் 'தூக்கத் திறன்' என்போம். அவளுக்கு அது நூற்றுக்கு 65. நன்றாகத் தூங்குபவருக்கு 85க்கு மேல் இருக்கும்.

துண்டு துண்டாகத் தூங்குவது ஏன் கெடுதல்? தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்தூக்கம் அதிகம். பின்னிரவுச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். மனத்தின் கலக்கங்கள் அடங்குவதற்கு உதவுவது இந்தப் பகுதிதான். நம் பெண்ணின் முதல் 95 நிமிடம் ஏறக்குறைய முழுச் சுற்று. கடைசி இரண்டு துண்டுகளும் ஒரு சுற்றுக்குக்கூடப் போதாதவை. கர்ப்பிணிகள் பலர் கனவுகள் பயங்கரமாக வருகின்றன என்று சொல்வதற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு: கனவுத் தூக்கத்தின் நடுவே அடிக்கடி விழிப்பவருக்குக் கனவு நினைவில் நிற்கும். கெட்ட கனவு கண்டால் பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனி அவள் விழித்திருந்த ஒவ்வொரு துண்டாகப் பார்ப்போம்.

பத்து மணிப் புழுக்கம்

தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். இரவு முழுவதும் சேர்த்து இந்த இறக்கம் ஏறக்குறைய 1 டிகிரி. உள்ளே இருக்கும் சூட்டை ரத்தம் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் கொண்டுவந்து வெளியே விடுகிறது. கர்ப்பிணிக்கு இந்த வேலை கூடுதல். புரொஜெஸ்டரோன் உடல் வெப்பத்தைச் சற்று ஏற்றி வைக்கிறது. பிள்ளையின் உடல் தாயின் உடலைவிட அரை டிகிரி அளவு சூடு; அந்தச் சூடும் தாயின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை வடக்கு கெடாவில் மழை குறைந்து வெயில் கொளுத்தும் காலம். பழைய தோட்டத்து லயங்களில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் இருந்தன. பகலில் அவை தகித்தாலும், மெல்லியவை என்பதால் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். தாமான் வீட்டின் செங்கல்லும் சிமெண்டும் பகல் முழுதும் சூட்டைக் குடித்து வைத்திருந்து நள்ளிரவு வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்ததில் எத்தனையோ நன்மைகள். படுக்கையறையின் இரவுச் சூடு மட்டும் கூடித்தான் போயிற்று.

படுக்கப் போவதற்கு 1 அல்லது 2 மணி நேரம் முன்பு இளஞ்சூட்டு நீரில் குளிப்பது உதவும். வெதுவெதுப்பான நீர் பட்டதும் கைகால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூட்டை வெளியே தள்ளிவிடும். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது கர்ப்பத்தில் வேண்டாம். மேற்குப் பார்த்த சுவரை ஒட்டிக் கட்டில் கிடந்தால் அதை இடம் மாற்றுங்கள்.

பன்னிரண்டே கால்

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. சிறுநீரகங்கள் வடிகட்டும் அளவும் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. போதாததற்கு, பகலெல்லாம் நின்று வேலை செய்பவளின் கால்களில் நீர் தேங்குகிறது. அவள் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய், நள்ளிரவில் எழுப்பிவிடுகிறது. மாலையில் வீடு திரும்பியதும் அரை மணி நேரம் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால், அந்த நீரில் ஒரு பகுதி படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும். இரவில் எழுகிறோமே என்று பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. எரிச்சலோடு சிறுநீர் போனால் மட்டும் கிளினிக்கில் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். மற்றபடி இந்த ஒரு விழிப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு மணி: கால் குடைச்சல்

இதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. "கால் குடையுது", "உள்ளே புழு ஊர்ற மாதிரி இருக்கு", "அசைக்காம இருக்க முடியல" என்று பெண்கள் சொல்வார்கள். கெண்டைக்கால் சதை பிடித்து இழுப்பது வேறு. அது கல்லாக இறுகி வலித்து, சில நிமிடத்தில் விட்டுவிடும். குடைச்சலில் சதை இறுகாது. அசைத்தால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி வரும். பகலில் எட்டிப் பார்க்காது. பொழுது சாய்ந்து, உடம்பைக் கிடத்தும்போதுதான் தொடங்கும்.

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672இலேயே இதை எழுதி வைத்தார். 1940களில் சுவீடனின் கார்ல் எக்பொம் இதற்கு முழு விளக்கம் தந்து, கர்ப்பிணிகளுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் அதிகம் வருகிறது என்றும் கவனித்தார். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. கடைசி மூன்று மாதங்களில் உச்சம். பிள்ளை பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ பெரும்பாலோருக்கு மறைந்துவிடும்.

காரணம் காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளை தயாரிப்பதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் 300 மில்லிகிராம் அளவு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. தாயின் கூடுதல் ரத்தத்துக்கு அதைவிட அதிகம் போகிறது. கையிருப்பு குறைவாக இருப்பவளுக்கு மூளையின் பங்கும் குறைகிறது. உலகக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் ரத்தசோகை என்பது 2019க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும், மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர்களுக்கும் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு.

கிளினிக்கில் பார்க்கும் ஹீமோகுளோபின் எண் 11க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை என்பார்கள். ஆனால் அது ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் எண். கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. ஹீமோகுளோபின் 11.5 இருக்கும் பெண்ணுக்கும் கிடங்கு காலியாக இருக்கலாம், கால் குடையலாம். ஆகவே "என் எச்.பி. நல்லாத்தான் இருக்காம்" என்று சும்மா இருந்துவிட வேண்டாம். இரவில் கால் குடைவதை வாய் திறந்து சொல்லி, ஃபெரிட்டின் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையின் அளவை அவர் மாற்றுவார். தேவைப்பட்டால் ஊசி வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள்.

மாத்திரை கொடுத்தும் ஏறாததற்கு நம் சாப்பாட்டுப் பழக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரை, பருப்பு, மாத்திரை ஆகியவற்றில் உள்ள இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது பாதிக்கும் மேல் குறைந்துபோகலாம். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். தோட்டத்துப் பழக்கம் காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும். டவுனுக்கு வந்தும் அது மாறவில்லை. தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாத்திரையைக் கொய்யாத் துண்டோடோ எலுமிச்சைச் சாற்றோடோ விழுங்கினால் இரும்பு நன்றாக ஏறும். வாந்தியை நிறுத்தத் தரும் சில மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் சில சளி மாத்திரைகளும் டோபமின் வேலையைக் குறுக்கிட்டுக் குடைச்சலைக் கூட்டும். அவற்றைச் சாப்பிடுகிற பெண் அதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெஞ்செரிச்சலும் படுக்கும் பக்கமும்

3.35க்கு வந்த நெஞ்செரிச்சல், மறுபடியும் புரொஜெஸ்டரோன் செய்த வேலை. கருப்பையைத் தளர்த்துவதோடு நில்லாமல், இரைப்பையின் மேல்வாயை மூடும் தசையையும் அது தளர்த்துகிறது. கீழேயிருந்து கருப்பையும் நெருக்குவதால் அமிலம் மேலேறுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 2, 3 மணி நேரம் விட்டு, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் எரிச்சல் குறையும். இரைப்பை வளைந்திருக்கும் விதத்தில், இடப்பக்கம் படுக்கும்போது அமிலம் உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தங்கிவிடும்.

ஒருக்களித்துப் படுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்துகிறது. கால்களிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் அது. தோட்டத்து ரப்பர்க் குழாயின் மேல் மூட்டையை வைத்தாற்போல் ஓட்டம் குறைகிறது. இதயத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் பங்கும் குறைகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கி, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா என நடந்த ஐந்து ஆய்வுகளின் தரவுகளை 2019இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்த நிலையில் தூங்கத் தொடங்கிய பெண்களுக்கு, பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு 2.6 மடங்கு இருந்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் பயந்து விழித்திருக்க வேண்டாம். வயிற்றில் பிள்ளை இறப்பது அரிது, 2.6 மடங்கு என்றாலும் அரிதுதான். ஆய்வுகள் பார்த்தது தூங்கத் தொடங்கிய நிலையை. நடு இரவில் விழித்து, மல்லாந்து கிடப்பதைக் கண்டால், பதறாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் போதும்.

திரும்புவதில்தான் நம் வீடுகளில் ஒரு சிக்கல். "அப்படியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து அப்புறம் திரும்பிப் படு, இல்லாட்டி கொடி சுத்திக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது ஐந்து பிரசவத்தில் ஒன்றிலாவது காணப்படுகிறது, பெரும்பாலும் தீங்கில்லை. நீரில் மிதக்கும் பிள்ளை தானே சுழல்வதால் அது நேர்கிறது. தாய் புரள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தால் அரைத்தூக்கமும் முழு விழிப்பாகிவிடும். அப்படியே மெதுவாகப் புரளுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குறட்டை

நம் பெண்ணின் இரவுக் கணக்கில் வராத ஒன்று குறட்டை. அவளுக்கே அது தெரியாது; பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஓ'பிரையன் குழு 1,719 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குக் குறட்டை கர்ப்பத்தில்தான் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு நின்று நின்று வரும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, உடல் திடுக்கிட்டு, அழுத்தம் ஏறுகிறது. கணவர்மாரே, மனைவியின் குறட்டையைக் கேலி பேசாதீர்கள். குறட்டையின் நடுவே மூச்சு நிற்கிறதா என்று கவனித்து, அடுத்த முறை கிளினிக்குக்குக் கூடவே போய்ச் சொல்லுங்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போக வேண்டும்.

நாலரை மணி

இப்போது கணக்கைத் திருத்திப் பார்ப்போம். புழுக்கத்தைச் சமாளித்து 20 நிமிடம், கால் குடைச்சலுக்கு மருத்துவம் செய்து 40 நிமிடம், நெஞ்செரிச்சலைக் குறைத்து 15 நிமிடம் மீட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். 75 நிமிடம் லாபம். தூங்கிய நேரம் ஐந்தரை மணி. தூக்கத் திறன் 65இலிருந்து ஏறக்குறைய 85 ஆகிவிடுகிறது. உடல் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. ஆனாலும் 6 மணி நேரத்தை எட்டவில்லை. அவள் எட்டவும் முடியாது, ஏனென்றால் 4.30க்கு அலாரம் அடிக்கிறது.

இந்த 6 மணி என்ற எல்லை முக்கியமானது. சான் பிரான்சிஸ்கோவில் கேத்ரின் லீயும் கேரில் கேயும் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 131 பெண்களின் தூக்கத்தை ஒன்பதாம் மாதத்தில் அளந்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குப் பிரசவ வலி நீண்டது. அறுவைப் பிரசவம் ஆகும் வாய்ப்பு 4.5 மடங்கு இருந்தது. குறைந்த தூக்கம்தான் நேரடிக் காரணமா, வேறொரு சிக்கலின் அடையாளமா என்பதை 131 பேரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் குறைவாகத் தூங்குபவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை கூடுதலாக வருகிறது என்று வேறு ஆய்வுகளும் சொல்வதால், இதை அலட்சியப்படுத்த முடியாது.

நாலரை மணி என்பது இந்த மண்ணில் புதிதல்ல. ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். 10 வளிமண்டல அளவையே தொடும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அது இறங்கி, பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் பாட்டி இருட்டிலேயே எழுந்து, சமைத்துவைத்து, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றார். மாசமாக இருந்த மாதங்களிலும் அதே நேரம்தான். அவரை எழுப்பியது மரம். பேத்தியை எழுப்புவது கம்பெனி பஸ். 1996இல் கூலிம் ஹை-டெக் பார்க் திறந்ததிலிருந்து அந்தப் பஸ்கள் இருட்டிலேயே தாமான்களைச் சுற்றுகின்றன.

ஆனால் இன்றைய நாலரை மணி உண்மையில் எத்தனை மணி? சுங்கை பட்டாணி இருக்கும் தீர்க்கரேகைப்படி, சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சராசரியாகப் பகல் 1.18க்கு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருப்பதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அதற்கு முன் சூரியனுக்கும் கெடாவின் கடிகாரத்துக்கும் 48 நிமிட இடைவெளி. அதற்குப் பின் 1 மணி 18 நிமிடம். கெடாவில் ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் 7 மணிக்கு முன் எழுவதில்லை. கடிகாரத்தில் 4.30 என்பது சூரியக் கணக்கில் 3.12. சென்னையில் இருக்கும் ஒரு பெண்ணை விடிகாலை 3.20க்கு எழுப்புவதற்குச் சமம் அது.

மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கண் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. இருட்டியதும் மெலட்டோனின் என்ற இருள் சுரப்பு ஊறுகிறது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்கும் போய், இது இரவு என்று சொல்கிறது. கெடாவில் பொழுது சாயவே 7 மணி, ஏழரை ஆகிவிடும். ஆகவே தூக்கம் தாமதமாக வருகிறது; அலாரமோ சூரியனுக்கு வெகு முன்பே அடிக்கிறது. இரண்டு முனையிலும் இரவு தேய்கிறது. அமெரிக்காவில் ஒரு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் வாழ்பவர்கள், எல்லைக்கு அப்பால் அடுத்த மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் வாழ்பவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கெடா, மலேசிய நேரத்தின் மேற்கு ஓரம்.

இரவு ஷிப்ட் இதைவிடக் கடினம். டென்மார்க்கில் 22,744 கர்ப்பிணிகளின் வேலைப் பதிவுகளைப் பார்த்தபோது, எட்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு, அடுத்த வாரம் கரு கலையும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியிருந்தது. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றது அது. விலக்குப் பெற்று ஆலைகள் இரவு வேலை வாங்கின என்றாலும், சட்டத்தில் அந்த வரி இருந்தது. பெண்களின் வேலை வாய்ப்பைக் கட்டுப்படுத்துகிறது என்ற நியாயத்தின் பேரில் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. இரவில் வேலை செய்ய விரும்பும் பெண்ணைத் தடுக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் 11 மணி நேர ஓய்வும் அதோடு சேர்ந்து போனது கர்ப்பிணிகளுக்கு இழப்பு என்றே கருதுகிறேன். அந்த வரியை எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக்கித் தக்கவைத்திருக்கலாம்.

அதே திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. இன்னொரு வழியையும் திறந்தது. 60P, 60Q என்ற புதிய பிரிவுகளின்படி, வேலை நேரத்தையோ வேலை நாள்களையோ மாற்றித் தரும்படி எந்தத் தொழிலாளியும் முதலாளிக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காலை 7 மணி ஷிப்டைப் பகல் ஷிப்டாகவோ அலுவலக நேரமாகவோ மாற்றக் கேட்கலாம். கிளினிக் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் வலு கூடும். வயிறு தெரிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆறாம் மாதத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் எட்டாம் மாதத்தில்தான் வரக்கூடும். மூன்றாம் மாதத்திலேயே எழுதிக் கொடுங்கள். தேதி போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.